பதினொன்று பத்துக்கு வரும் திருடன்

அத்தியாயம் 7

பார்சல் பிரிப்புக் கூடத்தின் வாசலில் அண்ணியும் ஓட்டைவாயும் வந்து இறங்கியபோது மணி பத்து இருபது. திருடன் வருவதற்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.

நேரம் தவறாமல் வரும் திருடனை ஓட்டைவாய் தன் வாழ்நாளில் கண்டதில்லை. சொன்ன நேரத்துக்கு வரும் பிளம்பரையே கண்டதில்லை. இவனோ பதினோரு வேலை நாட்களாக, நாள் தவறாமல், சரியாகப் பதினொன்று பத்துக்கு இந்தக் கூடத்தின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் நுழையப் பார்க்கிறான். உடனே சைரன் அலறுகிறது, பார்சல் ஓடும் பெல்ட்டுகள் எல்லாம் நிற்கின்றன, மலைபோல் பெட்டிகள் குவிகின்றன. ஆனால் ஒருவனும் பிடிபடவில்லை.

ஓட்டைவாய் என்பது வீட்டார் வைத்த பெயர். அவன் வாயில் ரகசியம் தங்காது. அப்படிப்பட்டவனைத் துப்பறியும் தொழிலில் உதவியாளாக வைத்துக்கொள்ளும் துணிச்சல் அவனுடைய அண்ணன் மனைவி ஒருத்திக்குத்தான் இருந்தது. வெளியே போகக் கூடாத விஷயத்தை உன் காதிலேயே போடமாட்டேன், அவ்வளவுதானே என்று சொல்லி வேலை கொடுத்தாள். ஊரே அவளைத் துப்பறியும் அம்மா என்றாலும் அவனுக்கு எப்போதும் அண்ணிதான்.

வாசல் காவலர் அண்ணியிடம் பொறுமையாகக் கேட்டு, பொறுமையாக எழுதி, ஒரு அட்டையை அச்சடித்துக் கொடுத்தார். அடுத்து ஓட்டைவாய். அவன் அப்போது கைப்பேசியில், சமையல் எரிவாயு தீர்ந்ததைத் தன்னிடம் முதல் நாளே சொல்லியாகிவிட்டது என்ற மனைவியின் வாதத்தை மறுத்துக்கொண்டிருந்தான். அலுவலக வாசல்களில் கேட்பது இரண்டே கேள்விதான்; பேர் என்ன, யாரைப் பார்க்கணும். இதற்கெல்லாம் தலையை நிமிர்த்துவது வீண் வேலை. காவலர் ஏதோ கேட்டார். அவன் தன் பெயரைச் சொன்னான். மறுபடியும் ஏதோ கேட்டார். "செக்யூரிட்டி ஆபீசர்" என்றான். மூன்றாவதாகவும் ஏதோ கேட்கவே, முன்னால் போகும் அண்ணியைக் கையால் காட்டிவிட்டு, அட்டையைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு நடந்தான்.

அதன் பிறகுதான் அந்த அதிசயம் ஆரம்பித்தது. பெல்ட் ஓரத்தில் நின்றிருந்த ஒருவர் அவனைக் கண்டதும் விறைப்பாகச் சலாம் வைத்தார். இன்னொருவர் தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டை மேசைக்கடியில் தள்ளினார். பார்சல் மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து, அந்த மூட்டையையே தூசி தட்டினார்கள்.

"நம்ம புகழ் இவ்வளவு தூரம் பரவியிருக்கா அண்ணி?" என்று அவன் கிசுகிசுத்தான்.

அண்ணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். உதட்டோரம் ஏதோ வந்தது. அதை மென்று விழுங்கிவிட்டாள்.

பாதுகாப்பு அதிகாரி ஒரு பெரிய மேசைக்குப் பின்னால், எட்டு கேமராத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மூலையில் ஒரு மின்கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. மனிதர் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் சுவரில் பத்தொன்பது புதிய விதிமுறைகளை ஒட்டியிருந்தார். உதவியாளர்களை ஏறிட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அவர் பேசியதெல்லாம் அண்ணியிடம்தான்.

திருடியைத் தான் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டதாகவும், எழுத்தில் ஓர் அறிக்கை மட்டும்தான் வேண்டும் என்றும் சொன்னார். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிதான் உள்ளிருந்து கதவைத் திறந்துவிடுகிறாள். அவளை மூன்று நாளாக நாற்காலியில் உட்கார வைத்து, எந்த இயந்திரத்தையும் தொடவிடவில்லை. பணிநீக்கக் கடிதம் தயார். நண்பகல் பன்னிரண்டுக்குக் கையெழுத்து.

"தொடவிடாத மூணு நாளும் திருடன் வந்தானே?" என்றாள் அண்ணி.

"வந்தான். அதுக்குத்தான் கும்பல் வெச்சிருக்காங்க மேடம். குறைஞ்சது ஒன்பது பேர்."

"ஒன்பதுன்னு எப்படித் தெரியும்?"

அதிகாரி கோட்டின் உள்பையைத் தட்டிக் காட்டினார். நுழையப் பார்த்தவன் என்ன பெயரைச் சொல்லி நுழையப் பார்த்தான் என்று நெட்வொர்க்கின் ஸ்விட்ச் பெட்டிகள் பதிவு செய்திருக்கின்றனவாம். அந்தப் பெயர் அரக்கு வைத்த உறைக்குள் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய ஆளுக்கு அது தெரியக் கூடாது என்பது விதி எண் பதினான்கு. சந்தேகத்துக்குரிய ஆளிடம் பேசப்போகிறவர்களுக்கும் தெரியக் கூடாது என்பது பதினைந்து. ஓட்டைவாய் சுவரில் தேடிப் பார்த்தான்; இரண்டும் இருந்தன.

அடுத்த அறையில் நெட்வொர்க்காரம்மா அணைத்து வைத்த திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று நாளாகத் தூங்காத கண். ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவள். தனியாளாக ஒரு மகளை வளர்க்கிறாள். நிரந்தர வேலைக்கான உத்தரவு மேனேஜர் மேசை வரைக்கும் வந்து, இந்தச் சைரனால் அங்கேயே நின்றுபோயிருந்தது. இன்று வெளியே போனால், திருடி என்ற பெயரோடு போகவேண்டும். அப்புறம் எந்த அலுவலகமும் அவளிடம் சாவியைக் கொடுக்காது. இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை என்பதுதான் ஓட்டைவாயை வாட்டியது.

அவள் வேலையை அண்ணி கேட்டுத் தெரிந்துகொண்டாள். கூடம் முழுக்க இருபத்து நான்கு ஸ்விட்ச் பெட்டிகள். பெல்ட்டுகளையும் கம்ப்யூட்டர்களையும் இணைப்பவை அவைதான். ஒவ்வொரு பெட்டியின் அமைப்புகளையும் தினம் ஒரு நகல் எடுத்து வைக்கவேண்டும். கையால் செய்தால் அரை நாள் போய்விடும். ஆகவே அவள் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டாள். அது தினமும் தானாகவே எழுந்து, ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் கதவைத் தட்டி, பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லி உள்ளே போய், நகல் எடுத்து, கடைசியில் 'எல்லாம் நலம்' என்று அவளுக்கு ஒரு மின்னஞ்சல் போடும்.

"எத்தனை மணிக்கு எழும்?"

"பதினொண்ணு பத்துக்கு."

ஓட்டைவாய் நாற்காலியில் நிமிர்ந்தான். அண்ணி நிமிரவில்லை, அவள் இதை எதிர்பார்த்த மாதிரிதான் இருந்தது. "திருடன்னா ஒரு நாள் ரெண்டு நிமிஷம் முன்னப் பின்ன வருவான். விநாடி பிசகாம வர்றது மனுஷ ஜாதி இல்லைன்னு நினைச்சேன்" என்றாள்.

தானும் முதல் நாளே அதைத்தான் சொன்னதாக நெட்வொர்க்காரம்மா சொன்னாள். ஆனால் ஆறு வருடமாக இதே ஸ்கிரிப்ட், இதே நேரத்தில்தான் ஓடுகிறது. ஒரு நாளும் சைரன் அடித்ததில்லை. அதில் அவள் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அப்படியானால் இப்போது மட்டும் ஏன் என்று அதிகாரி கேட்டார். போதாக்குறைக்குச் சைரன் அடித்த ஒவ்வொரு நாளும் ஸ்கிரிப்ட் போட்ட மின்னஞ்சல்களை எடுத்து அவள் முன்னாலேயே நீட்டினார். பெல்ட் நிற்கிறது, ஊரே ஓடுகிறது, உன் கடிதம் மட்டும் எல்லாம் நலம் என்கிறதே என்றார்.

"அது எப்படிம்மா?" என்றாள் அண்ணி.

அவள் முதல்முறையாகத் தலையைக் குனிந்தாள். "நகல் வந்துச்சான்னு பார்க்கச் சொல்லி நான் எழுதல மேடம். கடைசி வரியில எல்லாம் நலம்னு போட்டு அனுப்புன்னு மட்டும்தான் எழுதியிருக்கேன். அவசரத்துல எழுதினது. அப்புறம் ஆறு வருஷம் ஒண்ணும் கெட்டுப்போகலை, விட்டுட்டேன்."

"எங்க மாமனார் லெட்டர் மாதிரி. கூரை பறந்து போனாலும் முதல் வரி, இங்கு அனைவரும் நலம்" என்றான் ஓட்டைவாய். அவள் சிரிக்காவிட்டாலும், கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

கடவுச்சொல் என்ன என்று அண்ணி கேட்டபோது, அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி எண் மூன்று என்று பதில் வந்தது. அதுவும் ஓர் உறையில் அரக்கு வைத்து, அவள் கைப்பையில் இருந்தது. ஓட்டைவாய்க்குக் கடுப்பாக இருந்தது. ஒருத்தர் பைக்குள் திருடன் பெயர், ஒருத்தர் பைக்குள் கடவுச்சொல், நடுவில் இவர்கள் இருவரும் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மணி பத்து நாற்பத்தைந்து. ஒரு பெல்ட் தொழிலாளி தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். நேராக ஓட்டைவாய் முன்னால் நின்று, கையைப் பிசைந்துகொண்டு, போன வாரம் கண்ணாடிச் சாமான் பெட்டியைக் கீழே போட்டது தான்தான் என்றும், பயத்தில் அதன்மேல் 'வரும்போதே உடைந்திருந்தது' என்று எழுதிவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார். உங்களிடம் நேரில் சொல்லிவிடுவது நல்லது என்று பெண்டாட்டி சொன்னாளாம். ஓட்டைவாய் வாயைப் பிளந்தான். குற்றவாளி தானாக வந்து ஒப்புக்கொள்வது அவனுடைய இத்தனை வருடத் தொழிலில் இதுதான் முதல் தடவை.

அந்த மனிதர் போனதும் அண்ணி சொன்னாள்: "தம்பி, உன் சட்டையில இருக்கிற அட்டையைக் கொஞ்சம் படி."

படித்தான். வருகையாளர் பெயர் என்ற இடத்தில், கொட்டை எழுத்தில், 'செக்யூரிட்டி ஆபீசர்' என்றிருந்தது.

"எப்ப பார்த்தீங்க?"

"முதல் சலாம்லயே. நீ கொஞ்ச நேரம் சந்தோஷமா இருந்துட்டுப் போன்னு விட்டுட்டேன். இது எப்படி வந்துச்சு, அதைச் சொல்லு."

அவனுக்கே தெரியவில்லை. வழக்கம்போல் முதலில் பெயர், அப்புறம் பார்க்கவேண்டிய ஆள். அப்படித்தானே சொன்னான்? அண்ணி தொலைபேசியில் வாசல் காவலரைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டாள். காவலர் விளக்கமாகவே சொன்னார். முன்பெல்லாம் இரண்டு கேள்விதான். புது ஆபீசர் வந்த அடுத்த திங்கட்கிழமையிலிருந்து முதலில் இன்னொரு கேள்வியும் கேட்கவேண்டும்: கூரான பொருள் ஏதாவது இருக்கிறதா? அந்த சார் அதற்கு ஏதோ சொன்னார். "என்ன சொன்னாலும் டிக் போடச் சொல்லித்தான் உத்தரவு மேடம். அப்புறம் பேர் என்னன்னு கேட்டேன், செக்யூரிட்டி ஆபீசர்னார். எனக்கென்ன, எழுதிட்டேன்."

அண்ணி தொலைபேசியை வைத்தாள். பிறகு நெட்வொர்க்காரம்மாவிடம், உன் ஸ்கிரிப்ட் பெட்டி கேட்கும் கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுமா என்று கேட்டாள்.

படிக்காது. கதவைத் தட்டும், இரண்டு விநாடி பொறுக்கும், பெயரைச் சொல்லி என்டர் தட்டும். இன்னும் இரண்டு விநாடி பொறுக்கும், கடவுச்சொல்லைச் சொல்லும். பெட்டி எப்போதும் அந்த வரிசையில்தானே கேட்கிறது என்று அப்படி எழுதியிருந்தாள்.

"என்னை மாதிரின்னு சொல்லுங்க" என்றான் ஓட்டைவாய்.

மூவரும் அதிகாரியின் அறைக்குப் போனார்கள். வாசலில் வைத்த மாதிரி ஸ்விட்ச் பெட்டிகளிலும் அவர் புதிதாக ஏதாவது வைத்தாரா என்று அண்ணி கேட்டாள். அதிகாரியின் முகம் மலர்ந்தது. யாரும் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி அது. அதே திங்கட்கிழமை, வெளியிலிருந்து ஓர் ஆளை வரவழைத்து, இந்தப் பெண்மணிக்குத் தெரியாமல், பெட்டிகளில் ஒரு எச்சரிக்கையை ஏற்றியிருந்தார். அதை மனப்பாடமாகவே சொன்னார்:

"அத்துமீறி நுழைபவர் கடுமையாகத் தண்டிக்கப்படுவர். தொடர என்டர் தட்டவும்."

நெட்வொர்க்காரம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "சார், அதுக்கு அப்புறம்தானே பெட்டி பேரைக் கேட்கும்?"

"ஆமா. மூணு தடவை தப்பான பேர் சொன்னா சைரன், பெல்ட் நிக்கும். அதுவும் என் ஏற்பாடுதான்."

"என் ஸ்கிரிப்ட் அந்த எச்சரிக்கைகிட்டயே பேரைச் சொல்லி என்டர் தட்டியிருக்கும். அப்புறம் பெட்டி பேர் கேட்டிருக்கும். இது கடவுச்சொல்லைச் சொல்லியிருக்கும். பெட்டி உள்ளே விடலைன்னா மூணு தடவை முயற்சி பண்ணுன்னு நான்தான் எழுதி வெச்சேன்."

அதிகாரி இதெல்லாம் ஊகம் என்றார். ஊகமா இல்லையா என்று உங்கள் பையும் இவள் பையும் சொல்லிவிடும் என்றாள் அண்ணி. இரண்டு உறைகளையும் மூன்றாவது ஆள் ஒருவர் பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பது ஒன்றா வேறா என்று மட்டும் சொன்னால் போதும். எந்த விதியும் உடையாது. அதிகாரி சுவரைப் பார்த்தார். பத்தொன்பது விதிகளிலும் அதற்குத் தடை இல்லை. மூன்றாவது ஆள் என்று அங்கிருந்தது ஓட்டைவாய் ஒருவன்தான்.

"ஒண்ணா, வேறயா. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரக் கூடாது" என்று அண்ணி எச்சரித்தாள்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று முதல் உறையைப் பிரித்தான். அடுத்ததைப் பிரித்தான். மாறி மாறிப் பார்த்தான். உடம்பில் உள்ள கட்டுப்பாடு முழுவதையும் திரட்டினான். அது எப்போதும் போல் பாதி வழியில் கைவிட்டது.

"ரெண்டுலயும் குட்டிப்பிசாசு ஒன்பதுன்னு இருக்கு அண்ணி."

யாரும் அவனைத் திட்டவில்லை. அதிகாரி மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். பதினோரு நாளாக அவர் குட்டிப்பிசாசு என்ற ரவுடியைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பெயரில் பார்சல் அனுப்பியவர் யாராவது உண்டா என்று மூன்று வருடப் பதிவேட்டைப் புரட்டியிருந்தார். ஒன்பதாம் எண்ணைப் பார்த்து, மற்ற எட்டு பேரையும் தேட ஆள் வைத்திருந்தார்.

"என் பொண்ணு சார்" என்றாள் நெட்வொர்க்காரம்மா. "வீட்ல அப்படித்தான் கூப்பிடுவேன். ஒன்பதாம் தேதி பிறந்தா."

மணி பத்து ஐம்பத்தெட்டு. கடவுச்சொல் நாலு பேருக்குத் தெரிந்துவிட்டதால், சைரன் விவகாரம் முடிந்த கையோடு அதை மாற்றவேண்டும் என்றாள் அவள். பேச்சில் மெய்ப்பிக்க வேண்டாம், பதினொன்று பத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அண்ணி. அதிகாரி மறுக்கவில்லை. நால்வரும் அடுத்த அறைக்குப் போனார்கள். மூன்று நாளுக்குப் பிறகு நெட்வொர்க்காரம்மாவின் திரை ஒளிர்ந்தது.

அவள் விரல்கள் பறந்தன. இரண்டு விநாடி பொறு என்றிருந்த இடங்களை அழித்தாள். பெட்டி என்ன கேட்கிறது என்று படி, என்டர் கேட்டால் என்டர் மட்டும் தட்டு, பேர் கேட்டால்தான் பேரைச் சொல்லு என்று எழுதினாள். நுழைய முடியாவிட்டால் ஒரு தடவையோடு நிறுத்திவிட்டு என்னிடம் வந்து சொல்லு என்று சேர்த்தாள். எல்லாம் நலம் என்ற வரியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பெட்டியாக நகல் வந்ததா என்று எண்ணிச் சொல்லச் சொன்னாள்.

பதினொன்று ஏழுக்குச் சரிபார்த்தாள். நாற்பத்திரண்டாவது வரியில் தப்பு என்று பெர்ல் முரண்டு பிடித்தது. நாற்பத்திரண்டை மூன்று முறை படித்தாள். குறையே இல்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"தப்பு எங்க தெரியுதோ அங்கதான் இருக்கணுமா?" என்றாள் அண்ணி, அவள் தோளில் கை வைத்து. "எங்க மாடி வீட்டுக் குழாய் திறந்திருந்தா என் கூரைதான் ஒழுகும். ஒரு வரி மேல பாரும்மா."

நாற்பத்தொன்றின் கடைசியில், வரி முடிந்ததைச் சொல்லும் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. போட்டாள். பதினொன்று ஒன்பது.

பதினொன்று பத்து ஆனது. நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். வெளியே பெல்ட் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பதினொன்று பதினொன்று. பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. பதினொன்று பன்னிரண்டில் நெட்வொர்க்காரம்மாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: 'இருபத்து மூன்று பெட்டிகள் நலம். இருபத்து நான்காவது பெட்டி பதில் சொல்லவில்லை.'

ஆறு வருடத்தில் அது தானே பார்த்துச் சொன்ன முதல் உண்மை இதுதான். அவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். இருபத்து நான்காவது பெட்டி எங்கே இருக்கிறது என்று அண்ணி கேட்டதும் அவள் கையை நீட்டினாள். எல்லோரும் அதிகாரியின் அறை மூலைக்குப் போனார்கள். அலமாரிக்குப் பின்னால் பெட்டி இருந்தது, விளக்கு எரியவில்லை. அதன் வயர் தரையில் கிடந்தது. அது செருகியிருக்கவேண்டிய இடத்தில் மின்கெட்டிலின் வயர் செருகியிருந்தது.

"மூணு வாரமாவா?" என்றான் ஓட்டைவாய்.

அதிகாரி கெட்டில் வயரைப் பிடுங்கினார்.

மேசையில் சம்பவப் பதிவேடு திறந்திருந்தது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் குற்றவாளியின் பெயரை எழுதாமல் பக்கத்தை மூடக் கூடாது என்பது விதி எண் பத்தொன்பது. அதிகாரி பேனாவைத் திறந்தார், எழுதவில்லை. அண்ணி ஓட்டைவாயின் சட்டையிலிருந்து அந்த அட்டையைக் கழற்றி, குற்றவாளியின் பெயர் என்ற கட்டத்தின் மேல் பதமாக வைத்தாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"பாதியிடத்துல என் பேரையும் எழுதுங்க சார்" என்றாள் நெட்வொர்க்காரம்மா. "கேள்வியைக் கேட்காம பதில் சொல்லச் சொன்னது நான்தானே."

அதிகாரி அவளை வெகுநேரம் பார்த்தார். கேமராத் திரைகளைத் தவிர வேறு எதையும் அவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பிறகு இழுப்பறையைத் திறந்து, பணிநீக்கக் கடிதத்தை எடுத்து, நான்காகக் கிழித்தார். மேனேஜர் மேசையில் நிற்கும் உத்தரவைத் தானே கையோடு நகர்த்திவிட்டு வருவதாகச் சொன்னார். கதவு வரைக்கும் போனவர் திரும்பினார்.

"உங்க குட்டிப்பிசாசுக்கு என்ன வயசு?"

"ஆறு சார்."

"பதினோரு நாளா தேடியிருக்கேன். ஸ்கூல் விட்டதும் கூட்டிட்டு வாங்க, ஒரு தடவை பார்த்துடறேன்."

"கூட்டிட்டு வாங்க" என்றான் ஓட்டைவாய். "ஆனா வாசல்ல பேர் கேட்டா வேற ஏதாவது சொல்லச் சொல்லுங்க. சைரன் அடிச்சிடும்."